ராயப்பேட்டைக்கு எத்தனை எழுத்து பாஸ்?

பீட்டர்ஸ் ரோட்டில் 1951-லிருந்து இருக்கிற நியூ காலேஜ் வாசலுக்குப் போங்க. வெளியே வர்ற யாரையாவது நிறுத்தி, ‘பாஸ், ராயப்பேட்டைங்கிற பேருல எத்தனை எழுத்து?’ன்னு கேளுங்க. ஏற இறங்க ஒரு லுக் விட்டுட்டு விரல் விட்டு எண்ணுவாங்க. ரா, ய, ப், பே, ட், டை. ஆறு!

அதே கேள்வியை இப்போ கம்ப்யூட்டர்கிட்ட கேளுங்க. பைத்தான் மொழியில் ‘லென்’னு ஒரு ஃபங்ஷன் இருக்கு. எதைக் கொடுத்தாலும் நீளத்தை அளந்து சொல்லும். அதுக்குள்ளே ‘ராயப்பேட்டை’யைப் போட்டு என்ட்டர் தட்டினால், பைத்தான் 2.7 இருக்கிற லினக்ஸ் மெஷின் 33 என்கிறது. பைத்தான் 3 இருக்கிற மெஷின் 11 என்கிறது.

பேர் ஒண்ணு, கோட் ஒண்ணு, கேள்வியும் ஒண்ணு. ஆனா பதில் மட்டும் வேற வேற! உங்க கோட்ல ஒரு எழுத்துகூட மாறலை. அதை ஓட்டுற ரன்டைமோட வெர்ஷன் மட்டும்தான் மாறியிருக்கு. ‘என் மெஷின்ல நல்லா ஓடுச்சு சார்... இங்க மட்டும்தான் ஓட மாட்டேங்குது’ என்று வைவாவில் எக்ஸ்டர்னல் முன்னாடி கையைப் பிசைகிற ஃப்ரெண்ட்ஸ் எல்லாருக்கும் பின்னால் பெரும்பாலும் இருக்கிற வில்லன் இவர்தான். இவரை எப்படிச் சமாளிப்பது? வாங்க, பார்த்துடுவோம்.

33, 11, 6... யார் சொல்றது பொய்?

யாருமே பொய் சொல்லலை. மூணு பேரும் மூணு விஷயத்தை எண்ணுறாங்க, அவ்வளவுதான்.

யூனிகோடில் தமிழ் எழுத்துகள் உடைத்து வைக்கப்பட்டிருக்கு. ‘ரா’ என்பது நமக்கு ஒரே எழுத்து. யூனிகோடுக்கு அது ‘ர’ ஒண்ணு, கால் ஒண்ணு, ஆக ரெண்டு. ‘ப்’ என்பது ‘ப’ ஒண்ணு, மேலே இருக்கிற புள்ளி ஒண்ணு. இப்படிப் பிரிச்சு எண்ணினா ராயப்பேட்டைக்கு மொத்தம் 11 குறியீடுகள். பைத்தான் 3 எண்ணுவது இதைத்தான்.

இந்த 11-ஐயும் மெமரியில் வைக்கணுமே? யு.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். பதினோரு மூணு முப்பத்து மூணு. பைத்தான் 2 சாதாரணமா எண்ணுறது இந்த பைட்டுகளை. அதுக்கு எழுத்துன்னா என்னன்னே தெரியாது. முன்னாடி ‘யு’ போட்டு இது யூனிகோட்னு எடுத்துச் சொன்னாதான் புரிஞ்சுக்கும். போதாக்குறைக்கு, தமிழை ஒரு ஃபைல்ல எழுதி, எந்த என்கோடிங்னு தலைப்புல ஒரு வரி சொல்லாம விட்டீங்கன்னா, ஓடவே மாட்டேன்னு முறைச்சுக்கும்.

இங்கிலீஷ்காரங்களுக்கு இந்தத் தலைவலி அவ்வளவா கிடையாது. அவங்க எழுத்து ஒவ்வொண்ணும் ஒரே பைட். பைட்டை எண்ணினாலும் எழுத்தை எண்ணினாலும் ஒரே விடை. நம்மை மாதிரி ஆளுங்களுக்குத்தான் பேஜார். அதனால்தான், 2008 டிசம்பர் 3-ம் தேதி பைத்தான் 3.0 வந்தபோது, ‘எழுத்து வேறு, பைட் வேறு’ என்று கோடு கிழித்ததில் தமிழுக்குப் பெரிய லாபம். ஆனா அதுக்கு ஒரு விலையும் இருந்தது. பழைய கோட் பல இடங்களில் ஓடாமல் நின்றது. அதைத் தெரிஞ்சேதான் செய்தாங்க.

எர்ரர் வந்தா லக்கி!

வெர்ஷன் மாறினா என்ன ஆகும்? ரெண்டு விதமா அடி விழும்.

முதல் வகை, சத்தம் போட்டு விழுற அடி. லைப்ரரியில் இருக்கிற பழைய புத்தகத்தைப் பார்த்து ‘ப்ரின்ட்’டுக்கு பிராக்கெட் இல்லாம எழுதுவீங்க. பைத்தான் 2-ல் ஜோரா ஓடும். 3-ல் ‘பிராக்கெட் எங்கே?’ன்னு எர்ரர் அடிச்சு நிக்கும். இது நல்ல அடி. எங்கே வலிக்குதுன்னு அதுவே சொல்லிடுது.

ரெண்டாவது வகை, சத்தமே இல்லாத அடி. 7-ஐ 2-ஆல வகுக்கச் சொல்லுங்க. பைத்தான் 3, 3.5 என்கிறது. பைத்தான் 2, 3 என்கிறது. முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தா விடையும் முழு எண்தான் என்பது அதோட கொள்கை.

சும்மா 0.5 தானேன்னு அலட்சியமா விடாதீங்க. இன்டர்னல் மார்க் ஆவரேஜ் போடுற ஒரு குட்டி ப்ரோகிராம்னு வெச்சுக்குவோம். ஒருத்தருக்கு முதல் டெஸ்ட்டில் 41, அடுத்ததில் 44. கூட்டி ரெண்டால வகுத்தா 42.5 வரணும். பழைய வெர்ஷன் 42-ன்னு காட்டும். எர்ரரும் கிடையாது, வார்னிங்கும் கிடையாது. அரை மார்க் காணாம போனது யாருக்கும் தெரியாது. அந்த அரை மார்க்கில் அரியர் விழுந்தவருக்குத்தான் அதோட அருமை தெரியும்!

ஆக, வெர்ஷன் என்பது உங்க கோட்டுக்கு வெளியே இருக்கிற சமாச்சாரம் இல்லை. அதுவும் கோட்டோட ஒரு பகுதி. எந்த வெர்ஷன்னு சொல்லாம ப்ரோகிராமை மட்டும் கொடுக்கிறது, ‘நாலு டம்ளர் தண்ணி ஊத்து’ன்னு சொல்லிட்டு எந்த டம்ளர்னு சொல்லாம விடுற மாதிரி.

எந்த மணிக்கூண்டு சார்?

சரி, ஒரே மெஷின்ல ரெண்டு மூணு வெர்ஷன் வெச்சுக்கலாமா? தாராளமா! அதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடாது. ‘பைத்தான்’னு நீங்க கூப்பிடும்போது எது ஓடி வரும்ங்கிறதுதான் கேள்வி.

சென்னையில் மணிக்கூண்டு ஒண்ணு மட்டுமா இருக்கு? ராயப்பேட்டையில் ஒண்ணு, மின்ட் பக்கம் ஒண்ணு, டவுட்டன் கிட்ட ஒண்ணு, புளியந்தோப்பில் ஒண்ணு. ஆட்டோவில் ஏறி ‘மணிக்கூண்டுக்குப் போங்கண்ணே’ன்னு மட்டும் சொன்னா, அவர் போற வழியில் முதலில் எது வருதோ அங்கே இறக்கி விட்டுடுவார். அவர் மேல தப்பில்லை. நீங்க ராயப்பேட்டைன்னு சொல்லலையே?

கம்ப்யூட்டரும் அப்படித்தான். ‘பாத்’னு ஒரு பட்டியல் வெச்சிருக்கு. அதில் வரிசையா ஃபோல்டர் பேர்கள். நீங்க பைத்தான்னு அடிச்சதும் முதல் ஃபோல்டர்ல தேடும். இல்லேன்னா அடுத்தது. எங்கே முதலில் கிடைக்குதோ, அதை ஓட்டிட்டு தேடலை நிறுத்திடும். பின்னாடி இன்னும் புதுசா ஒண்ணு இருந்தாலும் கண்டுக்காது. வெர்ஷன் மாத்துற வித்தை எல்லாமே கடைசியில் இந்தப் பட்டியலோட வரிசையை மாத்துற வித்தைதான்.

உங்க மெஷின்ல எது ஓடுதுன்னு இப்பவே பார்க்கலாம். (கட்டளைகளை இங்கே தமிழில் சொல்கிறோம், கீபோர்டில் இங்கிலீஷில் அடியுங்க.) லினக்ஸ், மேக் ஆட்களுக்கு ‘விச் -ஏ பைத்தான்3’. விண்டோஸ் ஆட்கள் கமாண்ட் ப்ராம்ப்டில் ‘வேர் பைத்தான்’. பட்டியலில் ரெண்டு மூணு வரி வந்தா, மேலே இருக்கிறதுதான் உங்களுக்கு இறங்குற மணிக்கூண்டு!

வெர்ஷன் நம்பரைப் படிக்கிறதிலும் ஒரு குழி இருக்கு. 3.9 பெருசா, 3.10 பெருசா? கணக்குப் பாடத்தில் 3.9. இங்கே 3.10! இதை தசம எண்ணாப் படிக்கக் கூடாது. ‘மூணு, பத்து’ன்னு படிக்கணும். பத்து ஒன்பதுக்கு அப்புறம்தானே வரும்?

வீட்டு சாமானை எடுக்காதீங்க!

லினக்ஸ் வெச்சிருக்கிற மக்களே, உங்களுக்கு ஒரு ஸ்பெஷல் எச்சரிக்கை. மெஷின் கூடவே வந்த பைத்தான் உங்களுக்காக வந்தது இல்லை. அது ஆபரேட்டிங் சிஸ்டத்தோட சொந்த வேலைக்காரர். சாஃப்ட்வேர் இன்ஸ்டால் பண்ணுற கருவிகள் பல அவரை நம்பித்தான் இருக்கு.

சென்ட்ஓஎஸ் 6 காலத்தில் இது பிரபலமான விபத்து. அதோட சிஸ்டம் பைத்தான் 2.6. ‘என்னடா பழசு’ன்னு அதே இடத்தில் 2.7-ஐக் கொண்டுவந்து வைப்பாங்க. அடுத்த நிமிஷம் ‘யம்’ படுத்துடும். சாஃப்ட்வேர் ஏத்துற கருவியே யம்தான். அதுவே படுத்துட்டா, எதை வெச்சு சரிபண்றது? உபுன்டுவிலும் சிஸ்டத்தோட பைத்தான் 3-ஐ மாத்தப் போய், டெர்மினல் விண்டோவே திறக்காம முழிச்சவங்க உண்டு.

இந்தத் தொல்லை தாங்காமத்தான், 2023-ல் வந்த டெபியன் 12-ல் ஒரு பூட்டு போட்டாங்க. சிஸ்டம் பைத்தானுக்குள்ளே ‘பிப்’ மூலமா எதையாவது திணிக்கப் பார்த்தா, ‘இது வெளியாள் பராமரிக்கிற இடம், உள்ளே வராதே’ங்கிற அர்த்தத்தில் ஒரு எர்ரர் வரும். பலர் அந்தப் பூட்டை உடைக்கிற கட்டளையைத் தேடிப்பிடிச்சு அடிக்கிறாங்க. வேண்டாம் பாஸ். அம்மா சமையலறையில் இருக்கிற பாத்திரத்தை எடுத்து கெமிஸ்ட்ரி எக்ஸ்பெரிமென்ட் பண்ணுவீங்களா? தனியா ஒரு செட் வாங்கிக்கிறதுதானே முறை?

அந்தத் தனி செட்டுக்குப் பேர் பைஎன்வி

லினக்ஸிலும் மேக்கிலும் இந்த வேலைக்கு அதிகம் பேர் வெச்சிருக்கிற கருவி ‘பைஎன்வி’. ரூபி மொழிக்காக எழுதின ‘ஆர்பிஎன்வி’யிலிருந்து பிரிஞ்சு வந்தது. விண்டோஸுக்கு ‘பைஎன்வி-வின்’னு தனியா ஒண்ணு இருக்கு.

இது செய்யுற தந்திரம் ரொம்ப சிம்பிள். பாத் பட்டியலோட தலையில் தன்னோட ஒரு ஃபோல்டரைச் சொருகிடும். அதுக்குள்ளே பைத்தான்ங்கிற பேரில் ஒரு குட்டி டம்மி இருக்கும். நீங்க பைத்தானைக் கூப்பிட்டா முதலில் ஓடி வருவது இந்த டம்மிதான். அது ‘இவருக்கு எந்த வெர்ஷன் வேணும்?’னு விசாரிச்சு, சரியான ஆளிடம் வேலையை ஒப்படைக்கும். கேட் வாட்ச்மேன் மாதிரி!

எப்படி விசாரிக்கும்? மூணு இடத்தில், இந்த வரிசையில்:

முதலில் ‘ஷெல்’. இந்த டெர்மினல் விண்டோவுக்கு மட்டும்னு சொல்லியிருக்கீங்களா? விண்டோவை மூடினா அதுவும் போயிடும்.

அடுத்தது ‘லோக்கல்’. இந்த ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குன்னு ஒரு வெர்ஷன் எழுதி வெச்சிருக்கீங்களா? ‘பைஎன்வி லோக்கல் 3.12’னு அடிச்சா, ஃபோல்டருக்குள்ளே ஒரு குட்டி ஃபைல் உருவாகி அதில் வெர்ஷன் நம்பர் பதிவாயிடும். அப்புறம் அந்த ஃபோல்டருக்குள்ளே நுழைஞ்சாலே 3.12 தான்.

கடைசியா ‘குளோபல்’. மேலே ரெண்டும் இல்லேன்னா இதுதான். இதுவும் இல்லேன்னா சிஸ்டம் பைத்தான்.

புது வெர்ஷன் வேணும்னா ‘பைஎன்வி இன்ஸ்டால்’னு சொல்லி நம்பரைக் கொடுங்க. பெரும்பாலும் சோர்ஸ் கோடை இறக்கி உங்க மெஷின்லயே கம்பைல் பண்ணும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கின செகண்ட் ஹேண்ட் லேப்டாப்னா, ஒரு டீ குடிச்சிட்டு வர்ற நேரம் ஆகும். தேவையான சில லைப்ரரிகள் இல்லேன்னா பாதியில் நிக்கும். அதோட இணையப் பக்கத்திலேயே எதெதை முன்கூட்டி ஏத்தணும்னு பட்டியல் இருக்கு. அதை முதலில் முடிச்சிடுங்க.

விண்டோஸில் ஒரிஜினல் பைத்தான் கூடவே ‘பை’னு ஒரு குட்டி லாஞ்சர் வரும். 2012-ல் வந்த 3.3-லிருந்தே இருக்கு. ‘பை -3.12’னா அந்த வெர்ஷன், ‘பை -3.10’னா இந்த வெர்ஷன். ரெண்டும் இன்ஸ்டால் ஆகியிருந்தா போதும். மேட்டர் ஓவர்!

வெர்ஷன் வேற, வீடு வேற

இங்கேதான் முக்கால்வாசி பேர் குழம்புவாங்க. ‘அதான் வெர்ச்சுவல் என்விரான்மென்ட் போட்டுட்டேனே, வெர்ஷன் பிரச்னை எப்படி வரும்?’

வரும்! வெர்ச்சுவல் என்விரான்மென்ட், அதாவது ‘விஎன்வி’, பைத்தான் வெர்ஷனை மாத்தாது. அதை எந்த பைத்தான் வெச்சு உருவாக்கினீங்களோ, அதே பைத்தான்தான் உள்ளேயும். அது பிரிச்சு வைக்கிறது லைப்ரரிகளை. ஒரு ப்ராஜெக்ட்டுக்கு ஜாங்கோ பழைய வெர்ஷன், இன்னொண்ணுக்கு புது வெர்ஷன்னா, ரெண்டுக்கும் தனித்தனி வீடு கட்டிக்கொடுக்கும்.

ஸோ, வரிசை இதுதான். முதலில் பைஎன்வி மூலமா வெர்ஷனைத் தேர்ந்தெடுங்க. அப்புறம் அந்த வெர்ஷன்ல விஎன்வி உருவாக்குங்க. அதுக்குள்ளே போய் லைப்ரரிகளை ஏத்துங்க. ஏத்தும்போது வெறும் ‘பிப்’னு அடிக்காம, ‘பைத்தான் -எம் பிப்’னு அடிக்கிற பழக்கம் நல்லது. எந்த பைத்தானைக் கூப்பிடுறீங்களோ, அந்த வீட்டுக்கே பார்சல் போய்ச் சேரும்.

இந்த ரெண்டு வேலையையும் ஒரே கையால செய்யுற ‘யுவி’னு ஒரு கருவி 2024-ல் வந்தது. வேகம் ஜாஸ்தி. முதலில் மேலே சொன்ன ரெண்டையும் புரிஞ்சுக்கிட்டீங்கன்னா, இது என்ன செய்யுதுன்னு சட்டுனு பிடிபடும்.

பழசைத் தூக்கிப் போட்டா என்ன?

நியாயமான கேள்வி. பைத்தான் 2-க்கு 2020 ஜனவரி 1-ம் தேதியே விடை கொடுத்தாச்சு. முதலில் 2015-லேயே அனுப்புறதா இருந்தது. உலகம் இன்னும் மாறலைன்னு அஞ்சு வருஷம் நீட்டிப்பு கொடுத்தாங்க! கடைசி வெர்ஷனான 2.7.18 அதே 2020 ஏப்ரலில் வந்தது. நம்ம பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகத்திலும் 2019-20-லிருந்து பைத்தான் வந்தாச்சு. அதுவும் 3 தான். புது கோட் எழுத பைத்தான் 2 வேண்டவே வேண்டாம்.

ஆனா அந்த நீட்டிப்பு வருஷங்களில் லைப்ரரி எழுதினவங்க நிலைமையை யோசிச்சுப் பாருங்க. நம்ம பக்கத்திலேயே உதாரணம் இருக்கு. ‘பதிப்பி’, ‘ஆனால்’, ‘இல்லை’னு தமிழ்ச் சொற்களாலேயே ப்ரோகிராம் எழுதுற ‘எழில்’ மொழியை முத்தையா அண்ணாமலை உருவாக்கினார். அது எழுதப்பட்டது பைத்தானில். அதே குழுவிலிருந்து வந்ததுதான் ‘ஓப்பன்-தமிழ்’ லைப்ரரி. ‘ராயப்பேட்டை’யைக் கொடுத்தா 33-ம் சொல்லாது, 11-ம் சொல்லாது. ரா, ய, ப், பே, ட், டைன்னு அழகா ஆறு எழுத்தாப் பிரிச்சுக் கொடுக்கும்!

பயன்படுத்துறவங்க சிலர் 2-ல், சிலர் 3-ல். யாரைக் கைவிடுறது? அதனால் அந்த லைப்ரரி ரெண்டிலும் ஓடுற மாதிரி இருந்தது. ‘எந்த வெர்ஷன்ல ஓடுறேன்?’னு கேட்டுட்டு, அதுக்கேத்த மாதிரி நடந்துக்கிற வரிகள் அதுக்குள்ளே உண்டு. இப்படி ஒண்ணை எழுதுறவர் ரெண்டு பைத்தானையும் பக்கத்தில் வெச்சு மாத்தி மாத்தி ஓட்டிப் பார்த்தே ஆகணும். வெர்ஷன் மாத்துறதுங்கிறது சோம்பேறி வசதி இல்லை. தமிழ் எழுத்தை சரியா எண்ணுற ஒரு கருவி பிறக்கணும்னா, அது அவசியம்.

இது முடிஞ்சுபோன கதையும் இல்லை. 3.9-லிருந்து வருஷா வருஷம் அக்டோபரில் ஒரு புது பைத்தான் வருது. ஒவ்வொண்ணுக்கும் சுமார் அஞ்சு வருஷம்தான் ஆயுசு. 2023 அக்டோபரில் வந்த 3.12, பல வருஷமா கூடவே இருந்த ‘டிஸ்ட்யூட்டில்ஸ்’ஐத் தூக்கிடுச்சு. அதை நம்பியிருந்த பழைய ப்ராஜெக்ட்கள் அப்படியே நின்னுச்சு. சீனியர் கொடுத்துட்டுப் போன ப்ராஜெக்ட் உங்க புது லேப்டாப்பில் ஓடலைன்னா, சீனியரைத் திட்டுறதுக்கு முன்னாடி அவர் எந்த வெர்ஷன்ல எழுதினார்னு கேளுங்க.

பைத்தான் படிக்காதவங்க எஸ்கேப் ஆக முடியாது. நோட் பயன்படுத்துறவங்களுக்கு ‘என்விஎம்’, ஜாவா ஆட்களுக்கு ‘எஸ்டிகேமேன்’. ஜாவா 8, 11, 17, 21 எல்லாமே நீண்ட கால ஆதரவு வெர்ஷன்கள்ங்கிறதால, கம்பெனிக்குக் கம்பெனி ஒண்ணு இருக்கும். கருவியோட பேர்தான் வேற, தத்துவம் ஒண்ணுதான்.

எக்ஸ்டர்னல் வர்றதுக்கு முன்னாடி...

இந்த அஞ்சு வேலையை மட்டும் முடிச்சிடுங்க:

1. ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள்ளே வெர்ஷன் நம்பரை எழுதி வையுங்க. ‘பைத்தான் 3’ன்னு மொட்டையா இல்லாம, 3.12.4-னு முழுசா.

2. லைப்ரரிகளோட பட்டியலை ‘பிப் ஃப்ரீஸ்’ மூலமா எடுத்து ஒரு ஃபைல்ல போட்டு, கூடவே வையுங்க.

3. லேப் மெஷின்ல என்ன வெர்ஷன் இருக்குன்னு டெமோவுக்கு ஒரு வாரம் முன்னாடியே போய் பார்த்துட்டு வாங்க. அதே வெர்ஷனை வீட்டில் ஏத்தி, ஒரு தடவை ஓட்டுங்க.

4. விஎன்வி ஃபோல்டரை பென்டிரைவில் காப்பி அடிச்சு எடுத்துட்டுப் போகாதீங்க. அது வேற மெஷின்ல ஓடும்னு நம்ப முடியாது. பட்டியலை மட்டும் கொண்டுபோய், அங்கே புதுசா உருவாக்குங்க.

5. ஓடினா மட்டும் போதாது, விடையையும் சரிபாருங்க. உங்களுக்கு முன்கூட்டியே விடை தெரிஞ்ச ரெண்டு மூணு கேள்விகளைக் கொடுத்துப் பாருங்க. அந்த அரை மார்க் திருடனை எர்ரர் மெஸேஜ் பிடிக்காது. நீங்கதான் பிடிக்கணும்.

விடை தெரிஞ்ச கேள்விக்கு எங்கே போறதுன்னு யோசிக்கிறீங்களா? தமிழ் சம்பந்தப்பட்ட ப்ராஜெக்ட்னா ஒண்ணு ரெடியாவே இருக்கு. ராயப்பேட்டைக்கு எத்தனை எழுத்துன்னு கேளுங்க. ஆறுன்னு வர்ற வரைக்கும் விடாதீங்க!